சூரைக்குத் தடையில்லை

முத்தேரிப்பள்ளி,
பாகலூர் அஞ்சல், ஓசூர் தாலுகா.
22-4-57

அன்புள்ள மாமாவுக்கு,

சாந்தம்மா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீங்கள் தூத்துக்குடி மீன் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்ததாகப் போட்ட கார்டு கிடைத்தது. அத்தைக்கு இருமல் குறைந்திருக்கிறது. நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் விட்டுப்போன காக்கிச் சட்டையைச் சவுக்காரம் போட்டுத் துவைத்துத் துவைத்து என் கை தேய்ந்ததுதான் மிச்சம், மீன் வாடை போகவில்லை. பக்கத்து வீட்டுப் பூனை அதைக் கொடியிலிருந்து இழுத்துப்போட்டு மேலேயே படுத்துக்கொள்கிறது. உங்களை நினைத்து என்னைவிட அதுதான் அதிகம் ஏங்குகிறது என்று அத்தை சொல்கிறார்.

மழை இன்னும் இல்லை. போன வருஷத்துக் கேழ்வரகு பங்குனியோடு தீர்ந்துவிட்டது. எங்கள் வீட்டில் நீங்கள் அனுப்புகிற சம்பளத்தால் களி வேகிறது. தெருவில் மற்ற வீடுகளில் அடுப்புப் புகை வந்தால் எட்டிப் பார்க்கிற காலமாக இருக்கிறது. ஏரியில் தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கிவிட்டது. எல்லாருடைய கண்ணும் அதன்மேல்தான்.

இந்த இடத்தில் உங்களோடு எனக்குச் சண்டை இருக்கிறது. வருஷம் முழுக்க அந்த ஏரியில் கால் நனைக்கவும் நம் தெருக்காரர்களுக்கு உரிமை கிடையாது. குத்தகை நாராயணப்பனுடையது, வலையும் அவர் ஆட்களுடையது. சூறை விடுகிற அந்த ஒரு நாள்தான் நம்முடையது. தமுக்கு அடித்துச் சூறை என்று சொல்லிவிட்டால் ஊர்க்காரனும் நம் தெருக்காரனும் ஒரே தண்ணீரில் இறங்கலாம், பிடித்த மீன் பிடித்தவனுக்கு. அந்தத் தெருவில் பிறந்த நீங்களே பஞ்சாயத்தில் எழுந்து நின்று இரண்டு வருஷத்துக்குச் சூறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டீர்கள்.

நீங்கள் ஏன் சொன்னீர்கள் என்று எனக்குப் புரிந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். கெண்டைகளின் வாலில் கத்தரியால் ஓரம் நறுக்கி ஏரியில் விட்டீர்கள். லீவு முடிகிற சமயத்தில் மறுபடி வலைபோட்டால் வந்ததில் பாதிக்கு மேல் வால் நறுக்கியதாகவே இருந்தது. ஆகையால் ஏரியில் மீன் ரொம்பக் கொஞ்சம், பெரிய கண் வலைபோட்டுப் பெரிய மீனை மட்டும் எடுங்கள், மற்றது முட்டையிடட்டும் என்றீர்கள். பெண் பார்க்க வருகிறவர்களே திரும்பத் திரும்ப வந்தால் சுற்று வட்டாரத்தில் மாப்பிள்ளைப் பஞ்சம் என்றுதானே அர்த்தம். நான் இப்படி விளக்கியதும் எதிர்வீட்டுப் பாப்பம்மா சிரித்துவிட்டாள். அவள் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. உன் புருஷன் மீனுக்குப் பிறந்தவனா மனுஷனுக்குப் பிறந்தவனா என்று கேட்டுவிட்டுப் போனார்.

நாராயணப்பனுக்கோ வாயெல்லாம் பல். "உங்க ஆளே, அதுவும் கவர்மெண்டு ஆளே சொல்லிட்டான். இனி ஏரிப்பக்கம் தலவெச்சும் படுக்காதீங்க" என்று நம் தெரு முனையிலேயே வந்து நின்று சொன்னார். ஆனால் அவர் வலை நின்றபாடில்லை. அதுவும் சின்னக் கண் வலை. உங்கள் கணக்கில் அவருக்குப் பிடித்த பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

இப்போது என் அண்ணன் கங்கப்பன் வேறு ஒன்று சொல்லிக்கொண்டு திரிகிறார். நீங்கள் புறப்படுகிற அன்று பாகலூர்ச் சந்தை டீக்கடையில் அவரிடம் சொன்னீர்களாம். "சூறைக்குத் தடையில்லியாம் சாந்தா. எவ்வளவு புடிச்சாலும் இப்போதைக்குக் குறையாதாம். பெரிய ஆபீசுலயே கணக்குப் பாத்து முடிவு ஆயிட்டுதாம். மச்சாங்காரன் வாயால சொன்னான்" என்கிறார். அப்படியானால் பஞ்சாயத்தில் சொன்னது என்ன என்று கேட்டேன். அது நாராயணப்பன் முகத்துக்காகச் சொன்னது, உள்ளே ஆர்டர் வேறு என்று கண்ணடிக்கிறார். அண்ணன் சொல்வதைத் தெருவே நம்புகிறது. பசித்தவனுக்கு எந்தச் சேதி ருசிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எனக்குத் தெரிந்த மாமா ஒரு நாக்கில் இரண்டு பேச்சுப் பேசுகிறவர் இல்லை. ஆனால் அண்ணனும் பொய் சொல்கிறவர் இல்லை. ஏரியைத் திறக்கலாமா கூடாதா, இரண்டில் எது நிஜம் என்று ஒரே ஒரு கார்டு உடனே போடுங்கள். தெருவில் எல்லாருக்கும் நானே படித்துக் காட்டிவிடுகிறேன். வைகாசி பிறந்ததும் தமுக்கு அடிக்கலாம் என்று பேச்சு நடக்கிறது, தாமதிக்காதீர்கள்.

கடலில் போகும்போது வயிற்றைக் காயப்போடாதீர்கள். உங்கள் தம்பி சென்றாயன் உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னான். இங்கிருந்து உங்களுக்கு எல்லாம் நல்லதாக நடக்க வேண்டிக்கொள்ளும்,

சாந்தம்மா.


முத்தேரிப்பள்ளி,
21-5-57

மாமாவுக்கு,

என் அண்ணன் கங்கப்பன் இறந்துவிட்டார். சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெம்பில்லை. அத்தையின் இடது கை முறிந்திருக்கிறது. சென்றாயன் ஓசூர் சப்ஜெயிலில் இருக்கிறான். நம் வீடு இல்லை. தெருவில் எட்டு வீடு எரிந்ததில் அதுவும் ஒன்று. பாப்பம்மா வீட்டுச் சுவரோரம் ஓலை சாய்த்து இருக்கிறோம். தந்தி கொடுக்கப் பாகலூர் போகலாம் என்றால் பாதையில் நாராயணப்பன் ஆட்கள் நிற்கிறார்கள், இப்போதுதான் இதைக் கொண்டுபோக ஒருவர் கிடைத்திருக்கிறார்.

உங்களிடமிருந்து கார்டு வரவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் தமுக்கு அடித்துவிட்டார்கள். நம் தெருவில் மட்டும் அடித்தார்கள், ஊர்ப்பக்கம் போய் அடிக்கவில்லை. ஊர்ப்பக்கம் போனால் தடுப்பார்கள் என்ற பயம். கோணல் அங்கேதான் ஆரம்பித்தது. கூடை எடுத்தவர்கள், மீனை மூடிப் பிடிக்கிற ஊத்தா எடுத்தவர்கள், பழைய புடவையை வலையாகப் பிடித்தவர்கள் என்று பெண்களும் பிள்ளைகளும் எல்லாரும் இறங்கினோம். நானும் இறங்கினேன். அண்ணன் எல்லாருக்கும் முன்னால் போனார். கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டே போனார்.

கொஞ்ச நேரத்தில் கரைமேல் நாராயணப்பனின் ஆட்கள் வந்தார்கள். அவர் மைத்துனன் முனிராஜ், அந்தக் கல்குவாரிக் காண்டிராக்டுக்காரன், தோளில் பையோடு நின்றான். வெளியே வரச்சொல்லித் தெலுங்கில் கத்தினான். அண்ணன் கன்னடத்தில், "ஆர்டர் ஆகிதெ சாமி, கெவர்மெண்டு ஆர்டர்" என்று கையைத் தூக்கிச் சொன்னார். ஆர்டர் ஆகிவிட்டது என்று அவர் நிஜமாகவே நம்பினார் மாமா. பயம் இருந்திருந்தால் அப்படிச் சிரித்திருக்க மாட்டார்.

முனிராஜ் பாறை உடைக்கிற தோட்டாவைத் திரி கிள்ளிப் பற்றவைத்துத் தண்ணீரில் போட்டான். முதல் தோட்டா ஆட்கள் இல்லாத பக்கம் விழுந்தது. தண்ணீர் பனைமர உயரத்துக்கு எழும்பியது. அப்போது எல்லாரும் கரைக்கு ஓடியிருக்க வேண்டும். யாரும் ஓடவில்லை. மீன்கள் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன, பெரியது சின்னது எல்லாம், நீங்கள் வால் நறுக்கியதும் அதில் இருந்திருக்கும். மிதந்த மீனைப் பார்த்ததும் எல்லாரும் அந்த இடத்துக்கே போனார்கள். நானும் கூடையோடு போனேன். அப்போது அந்த மீன்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

இரண்டாவதை அவன் நாங்கள் கூடியிருந்த இடத்துக்கே போட்டான். அது அண்ணனுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் விழுந்தது. திரி தண்ணீருக்குள்ளும் புகைந்துகொண்டிருந்தது. அண்ணன் அதைக் கையில் எடுத்துத் தூர எறியப் போனார். சத்தம் கேட்டதாக எனக்கு நினைவில்லை. பார்த்தபோது அவருடைய வலது கை தோளிலிருந்து இல்லை. முகத்தில் ஒரு பக்கம் இல்லை. தண்ணீரில் உட்கார்ந்திருக்கிறவர் மாதிரி இருந்தார். நான் இடுப்பைப் பிடித்துத் தூக்கினேன், என் கை அவர் வயிற்றுக்குள் போனது. சுற்றிலும் தண்ணீர் சிவந்து, அதில் மீன் மிதந்துகொண்டிருந்தது. வெங்கடம்மாவின் மகளுக்குக் கண் போய்விட்டது. இன்னும் இரண்டு பேருக்குக் காது கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன், படித்ததும் இந்தத் தாளை அடுப்பில் போடுங்கள். சென்றாயன் கரைமேல் ஏறினான். முனிராஜ் மூன்றாவதுக்குத் திரி கிள்ளிக்கொண்டிருந்தான். மீன் அரியக் கொண்டுவந்த கத்திதான் இவன் கையில் இருந்தது. கழுத்தில் ஒன்று. விழுந்த பிறகு இன்னும் இரண்டு. முனிராஜின் கால் வெகுநேரம் மண்ணை உதைத்துக்கொண்டிருந்தது. யார் கேட்டாலும் நான் பார்க்கவில்லை என்றுதான் சொல்வேன்.

மத்தியானம் அவர்கள் கூட்டமாக வந்தார்கள். முதலில் கிணற்றில் சீமையெண்ணெய் ஊற்றினார்கள், தீயணைக்கத் தண்ணீர் இருக்கக்கூடாதென்று. பிறகு கூரைகளில் தீ வைத்தார்கள். அத்தை வாசலில் மறித்து நின்றார், கடப்பாறையால் அடித்த ஒரே அடியில் கை தொங்கிவிட்டது. ஜோதியம்மாள் அண்ணி அண்ணனின் உடம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், அவளைத் தலைமயிரைப் பிடித்துத் தெருவில் இழுத்தார்கள். கட்டியிருந்த ஆடுகளை உயிரோடு நெருப்பில் தூக்கிப் போட்டார்கள். அந்த ஆடு கத்தின கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் அரிவாள்மணையை எடுத்தேன், பாப்பம்மா என்னைக் கட்டிப்பிடித்துக் கீழே தள்ளி மேலே படுத்துக்கொண்டாள். அவளை நான் கடித்துவிட்டேன். விட்டிருந்தால் ஒருவனையாவது வெட்டியிருப்பேன்.

மறுநாள் போலீஸ் வந்து நம் தெரு ஆண்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மைசூர்ப் பக்கம் ஓடியவர்களையும் மாலூர்ச் சந்தையில் பிடித்துக் கொடுத்துவிட்டார்கள். பதினெட்டுப் பேர். அவர்கள் பக்கம் ஒருவரையும் தொடவில்லை. ஆயுதங்களோடு ஏரியைச் சூறையாட வந்தார்கள், தடுத்தவரைக் கொன்றார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். ஆயுதம் என்று அவர்கள் எடுத்துப்போனது ஊத்தாவையும் கூடையையும். அண்ணனுக்குக் குழி வெட்ட ஆண் இல்லை, பிடிபடாதவர்கள் காட்டுக்குள் ஒளிந்துகொண்டார்கள். நாங்கள் பெண்களே வெட்டிப் புதைத்தோம்.

நீங்கள் வராதீர்கள். இதைத்தான் முக்கியமாக எழுத வந்தேன். இத்தனைக்கும் காரணம் அந்தக் கவர்மெண்டு மீன்காரன்தான், அவன்தான் தூண்டிவிட்டான், ஓசூரில் பஸ்ஸை விட்டு இறங்கட்டும், தலை ஏரிக்குப் போகும் என்று நாராயணப்பன் வீட்டில் வெளிப்படையாகப் பேசுகிறார்கள். பஸ் ஸ்டாண்டில் ஆளும் போட்டிருக்கிறார்கள். அத்தைக்கு நான் இருக்கிறேன்.

ஒன்றை மட்டும் எழுதி அனுப்புங்கள். டீக்கடையில் நீங்கள் அண்ணனிடம் அப்படிச் சொன்னீர்களா, இல்லையா. உங்கள் பதில் வருகிறவரை நான் அண்ணியின் முகத்தைப் பார்த்துப் பேச முடியாது.

கடவுள் உங்களை அங்கேயே பத்திரமாக வைக்கட்டும்.

சாந்தம்மா.


முத்தேரிப்பள்ளி,
12-6-57

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் நீண்ட கடிதமும் மணியார்டரும் வந்தன. என் முதல் கடிதம் வந்தபோது நீங்கள் படகோடு கடலில் இருந்தீர்கள், மூன்று வாரம் அது ஆபீஸ் மேஜையில் கிடந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். சரி. அதற்கு யாரைக் குறை சொல்வது.

மற்றதைப் படித்துவிட்டு நான் சிரித்தேன். அத்தை பயந்துபோய் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். சூரை என்று கடலில் ஒரு மீன் இருக்கிறதாம். கூட்டம் கூட்டமாக ஓடுமாம். நீங்கள் நாள் முழுக்கக் கையில் பிடித்து அளப்பது அதைத்தானாம். அதைப்பற்றித்தான் டீக்கடையில் அண்ணனிடம் சொன்னீர்களாம். நீங்கள் ஊருக்கு வரும்போதெல்லாம் பெரிய மீன், பெரிய மீன் என்பீர்களே தவிர, அதற்கு இப்படி ஒரு பெயர் என்று ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை.

சின்ன ர போட்டு எழுதினால் மீன், பெரிய ற போட்டு எழுதினால் நம் ஏரி. எழுத்தில் வித்தியாசம் எனக்குத் தெரிகிறது, எட்டாவது வரை படித்தவள். வாயால் சொன்னால் யாருக்குத் தெரியும்? அதுவும் இந்தத் தாலுகாவில். கன்னடக்காரனிடம் போய் சூரெ என்றால் கொள்ளை என்பான். தெலுங்குக்காரன் சூர என்றாலும் கொள்ளைதான். நமக்கோ அது வருஷத்தில் ஒருநாள் வயிறு நிறைகிற நாள். மூன்று பாஷையில் எதில் கேட்டாலும் ஒரே அர்த்தம், உங்கள் கடற்கரையில் மட்டும்தான் அது மீன். கடலையே பார்க்காத என் அண்ணனிடம் நீங்கள் அந்த வார்த்தையை அப்படியே கொடுத்தீர்கள். நாலு வருஷம் உப்புக்காற்றில் இருந்து உங்கள் வாய் ஊர்ப்பேச்சை மறந்துவிட்டது. நீங்கள் பொய் சொல்லவில்லை, அண்ணனும் பொய் சொல்லவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பொய் சொல்லியிருந்தால் ஒருவரையாவது வெறுக்கலாம்.

அண்ணியிடம் சொன்னேன். அவள் எழுந்து போய்விட்டாள். பிறகு வந்து, மீனோட பேருக்கா செத்தாரு என்று மட்டும் கேட்டாள்.

இப்போது கேஸ் விஷயம். ஓசூரில் வெங்கடசாமி என்ற வக்கீல் நமக்காக நிற்கிறார், நல்லவர், கோபக்காரர். திட்டம் போட்டுக் கொள்ளையடிக்க வந்தார்கள், தடுத்தவனைக் கொன்றார்கள் என்பது நிலைத்தால் சென்றாயனுக்குத் தூக்கு, மற்றவர்களுக்கு ஆயுளுக்கும் ஜெயில் என்கிறார். சூறை விட்டாயிற்று என்று நம்பி, பெண்டுபிள்ளைகளோடு தமுக்கடித்து இறங்கினார்கள், தோட்டா போட்டு ஆளைக் கொன்ற பிறகுதான் கைகலப்பு என்று காட்டினால் சென்றாயனின் உயிராவது மிஞ்சும். அதற்கு அந்த வார்த்தையைச் சொன்னவர் வந்து கூண்டில் ஏறி, நான் சொன்னது மீன், அவர்கள் கேட்டது சூறை என்று சொல்ல வேண்டும்.

உங்கள் கடிதத்தைக் காட்டி, போன வாரம் வக்கீல் கோர்ட்டில் இன்ஸ்பெக்டரைக் கேட்டார், சூரை என்று ஒரு மீன் இருப்பது உமக்குத் தெரியுமா என்று. கோர்ட்டே சிரித்தது. எதிர்வக்கீல் எழுந்து, என் நண்பர் கட்சிக்காரர்களுக்காகப் புதிதாக ஒரு மீனையே பிறப்பித்துவிட்டார் என்றார். மேஜிஸ்திரேட்டும் கேள்விப்பட்டதில்லை என்றார். நான் பின்னால் பெண்களோடு தரையில் உட்கார்ந்திருந்தேன். அத்தனை பேரும் சிரித்தபோது, நாராயணப்பன் திரும்பி எங்களைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அவர் முகத்தில் துப்பியிருப்பேன்.

நீங்கள் வர முடியாது என்பதற்கு எழுதிய காரணங்களை இரண்டு தரம் படித்தேன். சர்க்கார் உத்தியோகஸ்தன் கொலைக் கேஸில் மாட்டினால் வேலை போய்விடும் என்று உங்கள் ஆபீசர் சொல்கிறார். நீயும் அம்மாவும் கிளம்பி இங்கே வந்துவிடுங்கள், இங்கே வீடு பார்த்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். போன கடிதத்தில் வராதீர்கள் என்று எழுதியவளும் நான்தான். ஆகையால் உங்களைக் கோழை என்று சொல்ல எனக்கு வாயில்லை. அந்த வீட்டை நானும் நினைத்துப் பார்த்தேன். ஜன்னல் இருக்குமா, கடல் சத்தம் கேட்குமா என்றெல்லாம் நினைத்தேன். அத்தையும் போகலாம் என்றுதான் முதலில் சொன்னார்.

ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் மீன் கணக்கையும் எழுதியிருந்தீர்களே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. பிடிபட்ட சூரையையெல்லாம் மூக்கிலிருந்து வால் கவை வரை அளக்கிறோம், வயிற்றைக் கிழித்துச் சினை பார்க்கிறோம், வருஷத்துக்கு வருஷம் வருகிற மீன் சின்னதாகிக்கொண்டே போனால் கூட்டம் மெலிகிறது என்று அர்த்தம், அப்போது கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். இப்போது போகிற படகும் கொஞ்சம், மீனின் அளவும் இறங்கவில்லை, அதனால் தடை வேண்டாம் என்று ஆபீஸில் நினைக்கிறார்கள் என்று. நல்ல கணக்குத்தான். அதே கணக்கை நம் தெருவுக்கும் போட்டுச் சொல்லுங்கள். நாற்பது ஆண்கள் இருந்த தெருவில் ஒருவர் மண்ணுக்குள், பதினெட்டுப் பேர் உள்ளே. அதில் பாதிப் பேருக்கு இன்னும் கல்யாணமாகவில்லை, அவர்களைக் குஞ்சு மீனில் சேர்ப்பீர்களா? எத்தனை பேரை எடுத்தால் இந்தத் தெரு மறுபடி எழுந்திருக்கும், எத்தனைக்கு மேல் எடுத்தால் எழுந்திருக்காது? கடலுக்கு அளவு சொல்கிறவர் இதற்கும் சொல்லத்தான் வேண்டும். எங்களைப் பிடிக்கத் தடையில்லை என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

நேற்று சென்றாயனைப் பார்க்க விட்டார்கள். அடையாளமே தெரியவில்லை. முன்பல் இல்லை, வலது கையில் இரண்டு விரலுக்கு நகம் இல்லை. உட்கார முடியாமல் சுவரைப் பிடித்து நின்றான். "அண்ணன் அப்பிடித்தான சொல்லிச்சு அண்ணி, தடையில்லன்னு?" என்று கேட்டான். நான் மறைக்கவில்லை, அது ஒரு மீனின் பெயர் என்று சொல்லிவிட்டேன். திட்டுவான் என்று நினைத்தேன். "அந்த மீனு எப்பிடி அண்ணி இருக்கும்?" என்று கேட்டான். எனக்கே தெரியாது. ஜெயிலுக்கு வெளியே வந்து, ரோட்டில் உட்கார்ந்து, என்னால் ஆனமட்டும் அழுதேன்.

அதனால் வாருங்கள். போன கடிதத்தில் எழுதியதை அழித்துவிட்டு இதை எழுதுகிறேன். வேலை போனால் போகட்டும், கூலி வேலை செய்து நான் களி கிண்டிப் போடுகிறேன். வரும்போது அந்த மீன் ஒன்றைக் கொண்டு வாருங்கள். துண்டு போட்டுக் காயவைத்த கருவாட்டுக் கட்டையாக வேண்டாம், அதை யாரும் மீன் என்று நம்ப மாட்டார்கள். தலையும் வாலும் கண்ணும் உள்ள முழு மீனாக, உள்ளே உப்பு திணித்து, சாக்கில் சுற்றிக் கொண்டு வாருங்கள். ஆபீஸ் முத்திரை போட்ட தாளில் அதன் பெயரைச் சின்ன ர போட்டு எழுதி வாங்கி வாருங்கள். நாறினாலும் பரவாயில்லை, மேஜிஸ்திரேட் மேஜைமேல் அது கிடக்கட்டும். சிரித்தவர்கள் எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்க்கட்டும். ஆடி பிறப்பதற்குள் உங்களை விசாரிக்க வக்கீல் மனுப் போட்டிருக்கிறார்.

திருட்டுத்தனமாகக் கிருஷ்ணகிரியில் இறங்கி, வண்டி மாறி, முக்காடு போட்டு வரலாம் என்று வக்கீல் சொல்கிறார். எனக்கு அதில் சம்மதமில்லை. இருட்டில் வருகிறவனை இருட்டிலேயே முடித்துவிடுவார்கள், பிறகு அப்படி ஒருவன் வரவேயில்லை என்பார்கள். பட்டப்பகலில், ஓசூர் ஸ்டாண்டில், காக்கிச் சட்டையோடு இறங்குங்கள். எந்த பஸ் என்று எழுதுங்கள். நானும் ஜோதியம்மாள் அண்ணியும் தெருப் பெண்கள் எல்லாரும் ஸ்டாண்டில் நிற்போம். அண்ணி தானாக வருகிறேன் என்று சொன்னாள், நான் கேட்கவில்லை. அங்கிருந்து கோர்ட்டு வரை நடந்தே போவோம்.

நம் வழக்கத்தில் புருஷனுக்குப் பின்னால்தான் பெண்டாட்டி நடக்க வேண்டும், கல்யாணமானதிலிருந்து நானும் அப்படித்தான் நடந்திருக்கிறேன். அன்றைக்கு மட்டும் மன்னித்துக்கொள்ளுங்கள் மாமா, உங்களுக்கு முன்னால் நான் நடக்கிறேன்.

உங்கள்
சாந்தம்மா.